நாற்பத்தோராம் இலக்கத்தின் மிதப்பு

கிளினிக் நாள் வந்தால் காலையில் மகளுக்கு இரண்டு தரம் ஊட்டுவேன். ஏழு மணிக்கு ஒரு கோப்பை கஞ்சி. வீட்டை விட்டு இறங்குவதற்குச் சற்று முன்னர் மசித்த வாழைப்பழம் இன்னொரு கோப்பை. அதற்கு மேல் கொஞ்சம் தண்ணீர். தராசில் தொங்கும்போது அவள் என்னைப் பார்க்கும் பார்வையில் ஒரு சாக்கு மூட்டையின் பொறுமை இருக்கும். மிட்வைஃப் வளர்ச்சி அட்டையில் ஒரு புள்ளி வைப்பார். அது பச்சைக்குள் விழுந்துவிட்டால் அந்த மாதத்துக்கு நான் நல்ல உம்மா.

என் கணவரின் உம்மா, நான் மாமி என்று அழைப்பவர், இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்ததே இல்லை.

"நிறுக்கக் கொண்டு போறது புள்ளயையா மகள், கஞ்சியையா?"

சிரித்து மழுப்பிவிடுவேன். மாமிக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் இல்லாமல் இல்லை. அளப்பதும் எண்ணுவதும்தான் என் தொழில் என்பதால் அந்தக் கேள்வி கொஞ்சம் கூடுதலாகவே குத்தியது.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் வெளிநாட்டுத் திட்டங்களின் பெயர்ப்பலகைகள் பெரும்பாலும் வடக்கே போய்விட்டன. எங்கள் புத்தளம் பக்கத்தில் மிஞ்சிய பழைய பலகைகள் கோழிக்கூட்டுக்குச் சுவராகின. அந்தக் காலத்திலும் எங்களைத் தேடி வந்த ஒரு சுற்றாடல் திட்டத்தில்தான் எனக்கு வேலை கிடைத்தது. கைவிடப்பட்ட இறால் பண்ணைகளின் ஓரமாக, கடலோடு சேர்ந்த களப்பு ஏரியின் கரையில், வேரால் மண்ணைப் பிடித்து நிறுத்தும் கண்டல் மரங்களை மீண்டும் நடுவது திட்டம். நட்டவற்றில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று மூன்று மாதத்துக்கு ஒரு தரம் போய்ப் பார்த்து எழுதுவது என் பங்கு. நியமனக் கடிதத்தில் 'கண்காணிப்பு, மதிப்பீட்டு உத்தியோகத்தர்' என்று இருந்தது. வீட்டில் அதை 'கண்டல் எண்ணப் போறா' என்று சுருக்கிவிட்டார்கள்.

என் பொறுப்பில் மூன்று கிராமங்கள். இந்தக் கதை பள்ளிவாசல்துறைக்கு இந்தப் பக்கம் உள்ள ஒன்றைப் பற்றியது. அங்கே நட்டதும் பராமரித்ததும் ஒரு மாதர் சங்கம். தலைவியை ஊரே 'தலைவி ராத்தா' என்றுதான் கூப்பிடும். கோபம் வந்தால் அவருடைய கணவரும் அப்படித்தான் கூப்பிடுவார் என்று கேள்வி. செயலாளர், தலைவிக்கு மைத்துனியான மச்சி. இரண்டு பேரும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறவர்கள். ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை நான் கண்டதில்லை.

தலைவி வீட்டின் அடுப்படிக் குசினிச் சுவருக்கும் களப்புக்கும் நடுவே அப்போது ஒரு தோணியை இழுத்து வைக்கிற இடம்தான் மிச்சம் இருந்தது. அவருக்குக் கல்யாணமான காலத்தில் அங்கே இரண்டு தென்னை நின்றனவாம். ஒவ்வொரு மழைக்காலமும் தண்ணீர் கரையைக் கொஞ்சம் கடித்துக்கொண்டு போனது. திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் அந்த வீடுகளுக்கு முன்னால் நீளமாகக் கண்டல் நடுவதாக இருந்தது. சங்கத்துப் பெண்கள் சேற்றில் இறங்கியது அந்த இரண்டாம் கட்டத்தை நம்பித்தான். ஆனால் மூன்று கிராமங்களில் இரண்டுக்கு மட்டும்தான் இடம். எந்த இரண்டு என்பதை வெளிநாட்டிலிருந்து வரப்போகும் மதிப்பீட்டாளர் முடிவு செய்வார்.

அதைப் பற்றி எனக்குக் கவலையே இருக்கவில்லை. கவலை இல்லாமல் இருப்பது எனக்கு வழக்கமான விஷயமல்ல. வீட்டுக் கதவைப் பூட்டினேனா என்று பாலாவிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வந்தவள் நான். மகள் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். பார்த்ததை நம்பாமல் மறுபடியும் பார்ப்பேன். ஆனால் இந்தக் கிராமம் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் நூற்றுக்கு நூறு எடுத்திருந்தது. இலக்கம் கட்டிய நூறு கண்டல்களும் உயிரோடு. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே நூற்றுக்கு நூறைக் கண்டால் என் மூளை வேலையை நிறுத்திவிடும்.

அதிலும் அந்த இலக்கங்கள் என் சொந்த யோசனை. திட்டம் அனுப்பிய பிளாஸ்டிக் அட்டைகள் வெயிலிலும் உப்புக் காற்றிலும் இரண்டு மாதத்தில் வெடித்துப்போயின. அந்த ஊரில் எந்த முற்றத்தைப் பார்த்தாலும் பழைய வலைகளின் மிதப்புகள் கிடக்கும். வலையின் மேல்கயிறு தண்ணீரில் தாழாமல் இருக்கக் கட்டுகிற அந்தச் சின்ன உருண்டைகள். அவற்றில் நூறு பொறுக்கி, தோணிக்குப் பூசுகிற பெயின்ற்றால் ஒன்றிலிருந்து நூறு வரை எழுதி, ஒவ்வொரு கண்டலிலும் ஒன்று கட்டச் சொன்னேன். உள்ளூர் வளங்களைச் சிறப்பாகப் பயன்படுத்தியதாக எங்கள் முகாமையாளர் அதைத் தலைமை அலுவலகம் வரை எழுதினார். அந்தக் கடிதத்தின் பிரதி எங்கள் அலுமாரியில், மகளின் பிறப்புச் சான்றிதழுக்கு அடுத்ததாக இருக்கிறது.

மதிப்பீட்டாளர் வருவதற்கு ஒரு கிழமைக்கு முன்னர், எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்து வரப் போனேன். காலை பத்து மணி, நீர் வற்றிய நேரம். சேற்றில் கால் புதையப் புதைய நாடாவும் கொப்பியுமாக வரிசையில் நடந்தேன். தலைவியும் மச்சியும் பின்னால் வந்தார்கள்.

நாற்பத்தோராம் கண்டல் குட்டையாகியிருந்தது.

போன முறை அது என் முழங்காலைத் தாண்டி நின்றதாகக் கொப்பி சொன்னது. இப்போது ஒரு சாணுக்குச் சற்றுக் கூட. முதலில் நாடாவைச் சந்தேகித்தேன். பிறகு என் கையெழுத்தை. பிறகு பிள்ளை பெற்ற பின் எனக்கு வந்திருக்கும் மறதியை. பதினேழாம் இலக்கமும் அப்படித்தான். ஐம்பத்தெட்டு அதைவிட மோசம். அதில் மொத்தமே இரண்டு இலைகள்தான்.

"ராத்தா, இந்த நாப்பத்தொண்டு போன தரம் இதவிட உசரம் இல்லயா?"

"ஓம் மிஸ். அது நல்ல உசரம். அது மௌத்தாப் போச்சே."

"மௌத்தாப் போச்சா? அப்ப இது?"

"இது புதுசு."

"நம்பர்?"

"நம்பர் பழசு."

நான் சேற்றில் நின்றபடியே அவரைப் பார்த்தேன். தலைவி என்னைப் பார்த்த விதத்தில், இவ்வளவு படித்தும் இது விளங்கவில்லையா என்ற கவலை தெரிந்தது. மச்சிதான் விளக்கினார்.

"செத்ததுக்கு என்னத்துக்கு மிஸ் மிதப்பு? வலை கிழிஞ்சி போனா மிதப்ப வெட்டியெடுத்து அடுத்த வலைக்குத் தானே கட்டுற. நல்ல மிதப்ப ஆராச்சும் வீசுவாங்களா?"

"ஒண்டு மௌத்தான உடன புதுசு ஒண்ட நட்டு அதுல கட்டிருவோம்," என்றார் தலைவி. "ஒரு நம்பரும் வெறுமையா வுடல்ல."

"இப்பிடி எத்தன மாத்தினீங்க?"

"அத ஆரு எண்ணின? எண்ணுறது உங்கட வேலை தானே," என்றார் மச்சி.

"என்னட்ட ஏன் சொல்லல்ல?"

"எத்தன உசிரோட இரிக்கிண்டு தானே ஒவ்வொரு தரமும் கேட்டீங்க. எத்தன மௌத்தெண்டு நீங்க ஒரு நாளும் கேக்கல்லயே."

அது உண்மை. என் படிவத்தில் உயிரோடு இருப்பவற்றுக்கு ஒரு கட்டம் இருந்தது. செத்தவற்றுக்குக் கட்டம் இல்லை. நூறிலிருந்து கழித்தால் வருமே என்று, அந்தப் படிவத்தை வடிவமைத்தபோது நான்தான் அதை எடுத்துவிட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் உப்பளங்களைப் பார்த்தபடி கணக்குப் போட்டேன். கணக்கு எந்தப் பக்கத்தாலும் சரிவரவில்லை. உள்ளதைச் சொன்னால் நூறு விழும். எவ்வளவுக்கு விழும் என்று யாருக்கும் தெரியாது. மற்ற இரண்டு கிராமங்களும் எண்பதைச் சுற்றி நின்றன. என் மிதப்பு யோசனையால் தலைவியின் குசினி களப்புக்குள் போய்விடும். சொல்லாவிட்டால் அந்த நூறு அப்படியே நிற்கும். அதன் கீழே என் கையெழுத்தும் நிற்கும். அந்தப் பெண்கள் ஏமாற்றவில்லை. ஏமாற்றியவர்கள் இவ்வளவு சந்தோஷமாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கிழிந்த வலையைப் பொத்துகிற கைகளில் நூறு மிதப்பைக் கொடுத்துவிட்டு, அதை அட்டை என்று நினைக்கச் சொன்னவள் நான்.

முகாமையாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அழித்தேன். பணிவாக எழுதினேன். அது ராஜினாமாக் கடிதம் போல இருந்தது. மூன்றாவதில் வணக்கத்தைத் தாண்டுவதற்குள் மகள் விழித்துவிட்டாள். அதற்காக அவளுக்கு நன்றி சொன்னேன். கணவரிடம் கேட்டபோது, "நீங்க எப்படியும் ரெண்டையும் செஞ்சிட்டு ரெண்டுக்கும் வருத்தப்படுவீங்க. அப்ப லேசானதச் செய்யுங்க," என்றார். எது லேசானது என்று அவர் சொல்லவில்லை.

மதிப்பீட்டாளர் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்த உயரமான பெண். தன்னுடைய றப்பர் சப்பாத்தைத் தானே கொண்டு வந்திருந்தார். சங்கத்துப் பெண்கள் பெருநாளுக்கு உடுக்கிற உடுப்பில் இருந்தார்கள். நாற்றுமேடையின் ஓலை நிழலில் பிளாஸ்டிக் கதிரைகள், இளநீர், ஒரு தட்டில் தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதல். தொதலை அவர் இரண்டாம் தரமும் எடுத்ததை மச்சி எல்லாருக்கும் கண்ணால் அறிவித்தார். மொழிபெயர்ப்பது நான்.

என் அறிக்கையைப் புரட்டிவிட்டு அவர் கேட்டார்: இத்தனை வருடங்களில் எந்த நாட்டிலும் நூறு வீதம் நான் கண்டதில்லை. இவர்கள் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள்.

கேட்டேன். தலைவி எழுந்து நின்று முந்தானையைச் சரி செய்தார். பள்ளிக்கூடப் பரிசளிப்பில் பேசுகிறவரின் நிமிர்வு.

"சொல்லுங்க மிஸ் அவங்களுக்கு. நாங்க ஒண்டையும் வெறுமையா வுடல்ல. மௌத்தான உடன மிதப்ப அவுத்து புதுசுக்குக் கட்டிருவோம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மிகுந்த அக்கறையோடு பராமரிக்கிறார்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை. அந்த வசனம் பாலாவியிலிருந்தே என் நாக்கில் தயாராக இருந்தது. அதற்கு நல்ல ஆங்கிலமும் தேடி வைத்திருந்தேன். மதிப்பீட்டாளரின் தோளுக்குப் பின்னால் தலைவியின் குசினிச் சுவர் தெரிந்தது. அதைப் பார்த்தபடி அந்த வசனத்தைச் சொல்வதுதான் நல்லது என்று நினைத்தேன். வாயைத் திறந்தால் மற்றது வந்தது. மிதப்பு, வலை, பழைய இலக்கம், புது நாற்று, எல்லாம். போன கிழமையே எனக்குத் தெரியும், சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டேன். ஆங்கிலம் திக்கியது. நடுவில் ஒரு தரம் மன்னிப்புக் கேட்டேன். முடிவில் மறுபடியும் கேட்டேன்.

"என்ன மிஸ், நான் சொன்னது கட்டை," என்றார் தலைவி. "நீங்க சொல்றது இவ்வளவு நீளமா இரிக்கி?"

மதிப்பீட்டாளர் பேனையை மூடினார். முடிந்தது என்று நினைத்தேன். பிறகு அவர் ஒன்று கேட்டார்: எவை செத்தன, எங்கே, ஏன் என்று இவர்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

நான் கேட்டதும் மச்சிக்குச் சிரிப்பு வந்தது. "ஞாபகமில்லாம? அவுத்தது நாங்கதானே!"

உடுப்பை முழங்காலுக்குத் தூக்கிச் சொருகிக்கொண்டு சங்கத்துப் பெண்கள் எட்டுப் பேரும் சேற்றில் இறங்கினார்கள். பின்னால் மதிப்பீட்டாளர். பத்தாவது அடியில் அவருடைய கால் வந்தது, சப்பாத்து வரவில்லை. மச்சி அதைப் பிடுங்கி, களப்பில் அலசி, சின்னப் பிள்ளைக்குப் போடுவது போல அவருக்குப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரு மொழியும் பொதுவாக இல்லாமலே கதைத்துக்கொண்டு போனார்கள்.

"இது நண்டு வெட்டின," என்றார் தலைவி. "இது கழுத திண்ட. இதுவும் கழுத. இது..."

"இது உங்கட மாப்பிள்ளட தோணி ஏறின," என்றார் மச்சி.

"அத மட்டும் எழுதாதீங்க மிஸ்."

"எழுதுங்க மிஸ். பெரிசா எழுதுங்க."

எழுதினேன். பெரிதாக இல்லை. பதினேழு ஒரு தரம் செத்ததா, இரண்டு தரமா என்று ஒரு சண்டை வந்தது. நாற்பத்தொன்றைப் பற்றிச் சண்டையே இல்லை. அது மூன்று தரம் மௌத்தாகி, இப்போது நிற்பது நாலாவது. "அந்த நம்பருக்கே கண்ணூறு," என்றார் தலைவி. நூறில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முதலில் நட்ட நாற்று அல்ல என்று நண்பகலுக்குள் தெரிந்துவிட்டது. நான் மூன்று காலாண்டில் எழுதாததை அவர்கள் இரண்டரை மணித்தியாலத்தில் சொல்லி முடித்தார்கள்.

களப்புக்கு மிகக் கிட்டிய வரிசைக்கு வந்தபோது அங்கே ஒன்றுமே இல்லை.

"இந்த வரிசை முழுக்க மௌத்து மிஸ். பள்ளம். தண்ணி வடியாது. ரெண்டு தரம் நட்டுப் பாத்தம். பொறகு மிதப்பெல்லாத்தையும் மேலுக்குக் கொண்டு போய்ட்டம்."

வரிசைகள் ஏன் கோணலாக இருந்தன என்று அப்போதுதான் விளங்கியது. பெண்கள் நேராக நடவில்லை என்று நினைத்து, அதைப் படத்தில் நானே நேராக்கி வரைந்திருந்தேன்.

மதிப்பீட்டாளர் பையிலிருந்து இரண்டாம் கட்டத்தின் வரைபடத்தை எடுத்தார். வீடுகளுக்கு முன்னால் நடவேண்டிய இடம் சிவப்புக் கோடாக இருந்தது. தலைவி அதை வாங்கி, தலைகீழாகப் பிடித்து, பிறகு நேராக்கி, தன் வீட்டைக் கண்டுபிடித்தார். விரலைக் கோட்டில் வைத்தார்.

"இங்கயா நடப் போறாங்க? இதுவும் இதே பள்ளம் தானே. எப்பயும் தண்ணிக்குள்ள நிக்கிற இடம். ஆறு மாசத்துல எல்லாம் மௌத்து. இந்தக் கோட்ட ஆரு கீறின?"

அதையும் மொழிபெயர்த்தேன். கீறியது எங்கள் அலுவலகம். அந்த வரைபடத்தின் இன்னொரு பிரதி நாலு மாதமாக என் கைப்பையில் இருந்தது. இன்னும் இறுதியாகவில்லை, அவர்களிடம் காட்டினால் சரியா பிழையா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அதையும் சொன்னேன். அன்று சொல்லாமல் விட்டது மகளின் கஞ்சியைப் பற்றி மட்டும்தான்.

எங்கே நட்டால் நிற்கும் என்று கேட்கச் சொன்னார் மதிப்பீட்டாளர். தலைவி ஒரு பக்கம் காட்டினார், மச்சி வேறு பக்கம் காட்டினார். பிறகு என் வாழ்நாளில் முதல் தரமாக இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள்: குசினிச் சுவர்ப் பக்கமாகப் பத்து எட்டு நடந்து மேலே. மதிப்பீட்டாளர் சிவப்புக் கோட்டை வெட்டிவிட்டுத் தன் பேனையால் புதுக் கோடு கீறினார். போகும்போது மிச்சத் தொதலை ஒரு காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள்.

முடிவு வர இரண்டு மாதம் ஆனது. ஒவ்வொரு நாளும் நான் அலுவலகக் கதவைத் திறந்தது ஒரு மாதிரியான முகத்தோடுதான். முகாமையாளர் என்னை ஏசவில்லை. 'கதைப்போம்' என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதைக்காமல் இருந்தார். அதைவிட ஏசியிருக்கலாம்.

அதற்கிடையில் ஒரு கிளினிக் நாள் வந்தது. அன்று மகளுக்கு ஒரே ஒரு தரம் ஊட்டினேன். மாமி கோப்பையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு கோப்பையைக் கழுவ எடுத்துக்கொண்டு போனார். கிளினிக்கில் மகள் தராசில் காலை உதறினாள். மிட்வைஃப் புள்ளியை வைத்தார். பச்சைக்குள்தான், ஆனால் போன புள்ளியைவிடக் கொஞ்சம் கீழே. அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"காலையில புள்ள சாப்பிட்டாவா?"

"ஓம் மிஸ். ஒரு தரம்."

"ஒரு தரம் மட்டுமா?" என்றார் மிட்வைஃப். "ஏன், புள்ளைக்கு ஏதும் சுகமில்லையா?"

எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற உம்மாமார் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

கடைசியில் கடிதம் வந்தது. கிராமம் இரண்டாம் கட்டத்தில் இருந்தது. புதுக் கோட்டில் நட வேண்டும். எங்கே நடுவது என்பதைச் சங்கத்தைக் கேட்காமல் இனிக் கீறக்கூடாது. மூன்றாம் பக்கத்தில், இந்தக் கிராமத்தின் முதல் மூன்று காலாண்டுத் தரவுகளை நம்பியிருக்க முடியாது என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பல தரம் படித்தேன். படிக்கப் படிக்க அது சரி என்றே பட்டது. முகாமையாளர் அந்தப் பக்கத்தையும் பிரதி எடுத்துக் கொடுத்தார். அதுவும் அலுமாரியில்தான் இருக்கிறது, பாராட்டுக் கடிதத்துக்குக் கீழே.

செய்தியைச் சொல்லப் போனபோது தலைவி குசினிச் சுவரை ஒரு தரம் தட்டினார். பிறகு, "தொதல் வேலை செஞ்சிட்டு," என்றார். நான் படிவத்தில் செத்தவற்றுக்கு ஒரு கட்டம் போட்டிருந்தேன். இனிச் செத்த கண்டலிலிருந்து மிதப்பை அவிழ்க்கக் கூடாது, நான் வந்து பார்க்கும் வரை அப்படியே இருக்க வேண்டும் என்று பணிவாகக் கேட்டேன். எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நல்ல மிதப்பு ஒன்று செத்த கம்பில் மூன்று மாதம் சும்மா தொங்குவதை அவர்களால் தாங்க முடியாது என்று தெரிந்தது. யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள்.

அடுத்த காலாண்டு போனேன். உயிரோடிருந்த கண்டல்களில் மிதப்பு. செத்தவற்றில் பழைய றப்பர் செருப்பிலிருந்து வெட்டிய துண்டு, அதில் அதே பெயின்ற்றில் இலக்கம்.

"மௌத்தானதுக்கு செருப்புப் போதும் மிஸ்," என்றார் மச்சி.

நாற்பத்தொன்று நாலாம் தரமும் செத்திருந்தது. அதன் செருப்புத் துண்டில் யாரோ ஒருவரின் பெருவிரல் அழுத்திய பள்ளம் அப்படியே இருந்தது. கட்டத்தில் ஒன்று என்று போட்டேன். செருப்பைப் பற்றியும் குறிப்பில் எழுதலாமா என்று பேனையைத் தூக்கிப் பிடித்தபடி சேற்றில் கொஞ்ச நேரம் நின்றேன். எழுதவில்லை. எழுதியிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.